சிறுத்தைத் தோல் தர்பார்: கயூமர்ஸ் ஓவியத்தோடு நான்கு மாதம்

ஆடி மாதக் கடைசியில் தொடங்கிய வேலை, கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்தான் முடிந்தது. வாரத்தில் மூன்று சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க. இத்தனைக்கும் நான் நகலெடுத்தது ஒரு முழு ஓவியம்கூட இல்லை. சுல்தான் முஹம்மது என்ற ஓவியர் தீட்டிய ‘கயூமர்ஸின் அரசவை’ என்ற பாரசீகச் சிற்றோவியத்தின் மேற்பகுதியில் ஒரு துண்டு. 14 செ.மீ. உயரம், 12 செ.மீ. அகலம். மூல ஏடே சுமார் 47 செ.மீ. உயரமும் 32 செ.மீ. அகலமும்தான். அதே அளவில் செய்ய வேண்டும், பெரிதாக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். இந்த ஓவியங்களின் உயிர் அந்தச் சின்ன அளவில்தான் இருக்கிறது.

பாரசீக அரசவை ஓவியம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது நீல ஓடு பதித்த மண்டபம், விரித்த கம்பளம், தங்கத் தட்டு ஏந்திய பணியாட்கள், ஊத் வாசிக்கும் கலைஞன், மேல்மாடத்தில் எட்டிப் பார்க்கும் பெண்கள். நானும் அப்படி ஒரு காட்சியில்தான் ஆரம்பித்தேன். பயிற்சிக்காக, 16ஆம் நூற்றாண்டில் ஈரானை ஆண்ட சஃபவி வம்சத்தின் அரசவையினர் ஒருவரை மட்டும் தனியாக வரைந்தேன். அந்தக் கால ஈரானிய அரசவையினரின் தலைப்பாகை விசேஷமானது. உள்ளே பன்னிரண்டு மடிப்பு உள்ள குல்லா, அதன் உச்சியில் நிமிர்ந்து நிற்கும் சிவப்புக் குச்சி, சுற்றிலும் வெள்ளைத் துணிக்கட்டு. ‘தாஜ்-எ-ஹைதரி’ என்று பெயர். பன்னிரண்டு மடிப்பு, ஷியா முஸ்லிம்கள் போற்றும் பன்னிரண்டு இமாம்களைக் குறிக்கும். ஓர் ஓவியத்தில் அந்தச் சிவப்புக் குச்சியைப் பார்த்தாலே 16ஆம் நூற்றாண்டின் முற்பாதி, சஃபவி அரசவை என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

அதை வரைந்துகொண்டிருந்தபோதுதான் கயூமர்ஸ் ஓவியத்தில் அந்தத் தலைப்பாகை ஒன்றுகூட இல்லை என்பது உறைத்தது. தலைப்பாகை மட்டுமா? மண்டபம் இல்லை, கம்பளம் இல்லை, பட்டு இல்லை, குதிரைச் சேணம் இல்லை. பாரசீக அரசர்களின் கதை சொல்லும் ஷாநாமா காவியத்தின்படி கயூமர்ஸ்தான் உலகத்தின் முதல் அரசர். மலை மேல் வாழ்ந்தவர், சிறுத்தைத் தோல் உடுத்தியவர், முப்பது ஆண்டு ஆண்டவர். அவர் முன்னால் காட்டு விலங்குகளும் அடங்கி நின்றன. வீடும் நெசவும் வருவதற்கு முந்தைய காலம். ஆனாலும் பார்த்த கணத்தில் அது ஓர் அரசவை என்று தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிகிறது? அந்தக் கேள்விதான் என்னை இந்தத் துண்டில் உட்கார வைத்தது. கண்ணால் எத்தனை முறை பார்த்தாலும் பிடிபடாத சில விஷயங்கள் கையால் செய்யும்போது பிடிபடும் என்பது என் அனுபவம்.

இந்த ஏடு இருந்த ஷாநாமா பிரதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1520களில் தப்ரீஸ் நகரத்து அரசுப் பட்டறையில் தொடங்கிய வேலை அது. ஷா இஸ்மாயில் காலத்தில் ஆரம்பித்து, அவர் மகன் ஷா தஹ்மாஸ்ப் காலத்தில் வளர்ந்தது. 1524-இல் பட்டத்துக்கு வந்தபோது தஹ்மாஸ்புக்குப் பத்து வயது. அவரே ஓவியம் கற்றவர். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சுல்தான் முஹம்மது. மொத்தம் 759 ஏடுகள், 258 ஓவியங்கள். 1568-இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் செலிமுக்கு அது பரிசாகப் போனது. நானூறு ஆண்டுக்கு மேல் ஒரே நூலாக இருந்ததை, 1959-இல் வாங்கிய அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆர்தர் ஹௌட்டன் ஏடு ஏடாகப் பிரித்துவிட்டார். சில நியூயார்க் அருங்காட்சியகத்துக்கு, சில ஏலத்துக்கு. மிச்சம் இருந்தது 1994-இல்தான் ஈரானுக்குத் திரும்பியது. அதற்கு மாற்றாக ஈரான் கொடுத்தது டி கூனிங் வரைந்த ஒரு நவீன ஓவியம். கயூமர்ஸ் ஏடு இப்போது கனடாவின் டொராண்டோ நகரில், ஆகா கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தைத்துக் கட்டிச் சேர்த்து வைத்த நூலை ஒருவர் பிரித்துப் போட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. பிரிந்ததால்தான் நம் மாதிரி ஆட்கள் பார்க்க முடிகிறது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பிரிக்காமலே படம் எடுத்துக் காட்டியிருக்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் காகிதம். ஜெய்ப்பூர் அருகே சாங்கானேரில் பருத்திக் கந்தலில் செய்யும் கைக்காகிதம் வாங்கினேன். அதை அப்படியே பயன்படுத்த முடியாது. வண்ணத்தை உறிஞ்சிவிடும், கோடு பிசிறும். பாரசீகத்தில் ‘ஆஹார்’ என்று சொல்வார்கள்: கஞ்சியோ முட்டை வெள்ளையோ பூசி, காயவைத்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்குவது. நான் கோதுமை மாவுக் கஞ்சி காய்ச்சி, ஒரு சிட்டிகை படிகாரம் சேர்த்தேன். பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம். இரண்டு தாளை ஒட்டி ஒன்றாக்கி, மேலே இரண்டு பூச்சு.

முதல் தாள் வீணானது. கஞ்சி கெட்டியாகிவிட்டது. தேய்க்க ஆரம்பித்ததும் வாய்க்கால் வெடிப்பு மாதிரி மெல்லிய கீறல்கள் விழுந்தன. இரண்டாவது முறை சோறு வடித்த கஞ்சிபோலத் தண்ணீராகக் காய்ச்சி, ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது பூசினேன். தேய்க்க அகேட் கல் கிடைக்கும்வரை பெரிய சோழி ஒன்றைப் பயன்படுத்தினேன். கண்ணாடிப் பலகை மேல் தாளை வைத்து, சோழியின் முதுகால் ஒரே திசையில், பிறகு குறுக்குத் திசையில். ஒரு தாளுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தாள் முழுக்க ஒரே பளபளப்பாக இருக்க வேண்டும். எங்காவது மங்கலாக ஒரு திட்டு இருந்தால் அங்கே பின்னால் கோடு நடுங்கும். இதில் அவசரப்பட்டால் கடைசிவரை அனுபவிக்க வேண்டும்.

வரைபடத்தை ஏற்றுவது எளிது. அருங்காட்சியகம் வெளியிட்ட படத்தை மூல அளவுக்கு அச்செடுத்து, டிரேசிங் தாளில் கோட்டை எடுத்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டேன். மெல்லிய துணியில் கரித்தூள் முடிந்து மேலே தட்டினால் கீழே புள்ளிக் கோலம் போல வடிவம் விழும். தப்ரீஸ் பட்டறையிலும் இதே வழிதான். அவர்கள் மான் தோலை மெல்லியதாகச் சீவி அதில் துளையிட்டார்கள். ‘சர்பா’ என்று பெயர். புள்ளிகளை இணைத்து, நீர்த்த செங்கபில மையில் கோடு போட்டேன்.

கோடு போட்டு முடித்த அன்றைக்கு அம்மா வந்து மேசை மேல் குனிந்து பார்த்தார்.

“இதுல யாருப்பா ராஜா?”

“நடுவுல மேல உக்காந்திருக்காரே, அவர்தாம்மா.”

“எல்லாரும் ஒரே மாதிரி தோலைப் போத்திட்டு இருக்காங்க. ஆனா நீ சொல்றதுக்கு முன்னாடியே அவராத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

ஏன் அப்படி நினைத்தார் என்று கேட்டேன். “அவரைச் சுத்தி மட்டுந்தான் யாரும் இடிச்சுக்கிட்டு உக்காரலை” என்றார். இதைத்தான் நான் வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தேன். கீழே அரசவையினர் வளையம் போல, தோளோடு தோள் நெருங்கி இருக்கிறார்கள். விலங்குகளும் அவர்கள் இடையே புகுந்திருக்கின்றன. மேலே அரசரைச் சுற்றி மட்டும் வெற்றிடம். மண்டபத்து ஓவியங்களில் வளைவும் கம்பளமும் செய்யும் வேலையை இங்கே அந்த வெற்றிடம் செய்கிறது. அதோடு உடல் இருக்கும் நிலை: மகன் சியாமக் உட்கார்ந்திருக்கிறான், பேரன் ஹூஷங் நிற்கிறான். அரசர் முன் யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்ற மரியாதை வரிசை தப்ரீஸ் அரசவையில் தினமும் நடந்த ஒன்று. சுல்தான் முஹம்மது அதைப் பார்த்துப் பழகியவர். தோல் உடுத்திய ஆதி மனிதர்களின் கூட்டத்துக்குள் தன் காலத்துச் சபை ஒழுங்கை அவர் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

அப்புறம் வண்ணம். பழைய வண்ணங்கள் எல்லாவற்றையும் வீட்டில் வைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. மஞ்சளுக்கு அவர்கள் பயன்படுத்திய அரிதாரத்தில் ஆர்செனிக் இருக்கிறது, சிவப்புக்கான சாதிலிங்கத்தில் பாதரசம், வெள்ளையிலும் செம்மஞ்சளிலும் ஈயம். பொடியாக அரைத்தால் காற்றில் பறக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. அதனால் அவற்றுக்கெல்லாம் இன்றைய நச்சில்லாத வண்ணப் பொடிகளையும், வெள்ளைக்குத் துத்தநாக வெள்ளையையும் எடுத்துக்கொண்டேன். இதைச் செய்ய நினைப்பவர்கள் இந்த விஷயத்தில் பிடிவாதம் காட்ட வேண்டாம். உண்மையான பொருளில்தான் செய்வேன் என்று நான் வைத்துக்கொண்டவை இரண்டு: லாபிஸ் லாசுலி நீலம், தங்கம்.

லாபிஸ் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து வரும் கல். பாரசீகத்தில் லாஜவர்த். பொடியாகவே ஐந்து கிராம் வாங்கினேன். தொட்டுப் பார்த்தால் மணல் மாதிரி நறநறவென்று இருந்தது. இன்னும் நைசாக இருந்தால் நன்றாகப் பூசலாமே என்று சித்த மருந்து அரைக்கும் சின்னக் கல்வத்தில் போட்டு ஒரு மணி நேரம் அரைத்தேன். அரைக்க அரைக்க அந்த ஆழ்ந்த நீலம் கண் முன்னாலேயே வெளிறி, சாம்பல் பூத்த வானம் மாதிரி ஆகிவிட்டது. லாபிஸின் நீலம் துகளின் பருமனில் இருக்கிறது. துகள் சிறியதாக ஆக நிறம் வெளுக்கும். பெரிய துகள் ஆழ்ந்த நீலம், ஆனால் பூசக் கடினம். சிறிய துகள் பூச எளிது, ஆனால் வெளிர். பழைய பட்டறைகளில் கல்லை அரைத்து, நீரில் கலக்கி, முதலில் அடியில் தங்குவதைத் தனியாக, மிதந்து பின்னால் படிவதைத் தனியாகப் பிரித்தது இதனால்தான்.

மீதி இருந்த இரண்டு கிராமை அரைக்காமல் நீரில் கலக்கிப் படியவிட்டு மூன்று தரமாகப் பிரித்தேன். வெளுத்துப்போன பொடியையும் எறியவில்லை. அது பாறைக்குப் பயன்பட்டது, அதுவும் மிகச் சரியாக.

பாறையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இந்த ஓவியத்தில் மலை என்பது பின்னணி மட்டுமில்லை. ஊதா, இளஞ்சிவப்பு, பச்சை கலந்த நீலம், சாம்பல் என்று பவளப் பாறை போலக் கொப்பளித்து எழுகிறது. சட்டகக் கோட்டைத் தாண்டி ஓரத்து வெற்றுப் பகுதிக்குள்ளும் வழிகிறது. ஒவ்வொரு பாறையும் ஒரு நிறத்தில் தொடங்கி, விளிம்பு வருவதற்குள் இன்னொரு நிறமாக மாறிவிடும். இந்த மாற்றம் கோட்டால் வருவதில்லை. முதல் நிறத்தை நீர்க்கப் பூசி, ஈரம் போகும் முன் ஈரத் தூரிகையால் ஓரத்தை இழுத்து, காயவைத்து, அதன் மேல் இரண்டாவது நிறத்தை அதே மாதிரி எதிர்ப் பக்கத்திலிருந்து இழுக்க வேண்டும். ஒரு பாறைக்கு ஏழெட்டுப் பூச்சு. வெளுத்த லாபிஸ் இங்கேதான் கைகொடுத்தது. இளஞ்சிவப்பின் மேல் அதை நீர்க்க இழுத்தபோது மூலத்தில் உள்ள அந்தப் புகை படிந்த ஊதா அப்படியே வந்தது. நான் வேண்டுமென்றே கலந்து பார்த்த எந்தக் கலவையிலும் அது வரவில்லை.

பாறைக்குள் முகங்கள் ஒளிந்திருக்கின்றன என்று படித்திருந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இரண்டு மூன்று தெரிந்தன. தூரிகையோடு உட்கார்ந்த பிறகு அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒரு பாறையின் மடிப்பை இழுக்கிறேன், அது ஏன் இப்படி வளைகிறது என்று யோசிக்கிறேன், திடீரென்று அது ஒரு மூக்கு. அதன் கீழே வாய். பக்கத்தில் ஒரு விலங்கின் மோவாய். என் துண்டில் மட்டும் ஒன்பது கண்டுபிடித்தேன். சிலவற்றைக் கண்டது வண்ணம் பூசி முடித்த பிறகு. அதற்குள் மடிப்பைத் தவறான பக்கம் இழுத்து இரண்டு முகங்களை அழித்திருந்தேன். அவற்றைத் திரும்பக் கொண்டுவர ஒரு ஞாயிறு போயிற்று. அரசரின் கூட்டத்தில் மனிதர், விலங்கு என்பதோடு நிற்காமல் கல்லையும் சபையில் உட்கார வைத்திருக்கிறார் சுல்தான் முஹம்மது. கயூமர்ஸ் முன்னால் எல்லா உயிரும் பணிந்தது என்று கதை சொல்கிறது. ஓவியர் உயிர் என்ற சொல்லை எவ்வளவு அகலமாக எடுத்துக்கொண்டார் என்று அந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

தங்கத்தில் ஒரு பெரிய தவறு செய்தேன். இந்த ஓவியத்தின் வானம் தங்கம். தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கை அப்படியே ஒட்டுவார்கள். இங்கே ரேக்கை அரைத்து மையாக்கித் தூரிகையால் பூச வேண்டும். தஞ்சாவூர் ஓவியர்கள் வாங்கும் கடையிலேயே ஒரு ரேக் புத்தகம் வாங்கினேன். பீங்கான் தட்டில் ஒரு துளி பிசின் கரைசலும் சிட்டிகை உப்பும் விட்டு, ரேக்கை ஒவ்வொன்றாக வைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குமேல். முதலில் பழுப்புச் சேறு மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். பிறகு நிறைய வெந்நீர் விட்டுக் கலக்கி இரவு முழுக்க மூடி வைத்தால், உப்பும் பிசினும் நீரில் போய், தங்கம் அடியில் படியும். இப்படி மூன்று முறை கழுவினேன். கடைசியில் கிடைத்தது தட்டின் அடியில் ஒரு விரல் நகம் அளவு. அதைப் பார்த்தபோது உண்டான சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

தவறு அதைப் பூசிய நேரத்தில் இருந்தது. பூசிக் காய்ந்த தங்கம் மங்கலாக இருக்கும். அகேட் கல்லால் தேய்த்தால்தான் ஒளி வரும். நான் பாறை உச்சிகளை முடித்துவிட்டு அப்புறம் வானத்தைப் பூசினேன். தேய்க்கும்போது கல் விளிம்பில் சறுக்கி, நீலப் பாறையின் நுனி தங்கத்தின் மேல் இழுபட்டுவிட்டது. ஒரு மாத வேலை செய்த பாறை அது. தங்கமும் வெள்ளியும் முதலில், தேய்த்து முடித்த பிறகுதான் மற்ற வண்ணம் என்று பழைய ஓவியர்கள் வைத்திருந்த வரிசைக்கு அர்த்தம் அப்போது முழுசாகப் புரிந்தது. கெட்ட பகுதியைப் பேனாக்கத்தியால் மெல்லச் சுரண்டி, சோழியால் மறுபடி தேய்த்து, தங்கம் பூசி, தேய்த்து, அதன் பிறகு பாறையை மீண்டும் எழுப்பினேன். கூர்ந்து பார்த்தால் அந்த இடம் இன்றும் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் செய்பவர்களுக்கு உதவும். வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளக் கலப்பது அரபுப் பிசின், நம் கருவேலம் பிசினுக்கு உறவுக்காரன். காய்ந்த பின் வண்ணம் வெடிக்காமல் இருக்க அதில் ஒரு துளி தேன் விடுவார்கள். நானும் விட்டேன். ஐப்பசி மழை ஆரம்பித்ததும் தேன் காற்றின் ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிட்டது. ஓவியத்தை மூடி வைத்திருந்த மெல்லிய தாள் ஒரு காலையில் ஒட்டிக்கொண்டு, ஹூஷங்கின் தோளில் இருந்த தோலைக் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு வந்தது. தப்ரீஸ் உயரமான, உலர்ந்த, குளிர் மிகுந்த ஊர். அங்கே பொருந்தும் அளவு நம் மழைக்காலத்துக்குப் பொருந்தாது. அதற்குப் பிறகு தேனை நிறுத்திவிட்டேன். ஓவியத்தை அரிசி முடிச்சு போட்ட டப்பாவுக்குள், எதுவும் மேலே படாதபடி வைத்தேன்.

சிறுத்தைத் தோல்கள் என்னிடம் மிக அதிக நேரம் வாங்கின. தொலைவிலிருந்து பார்த்தால் மஞ்சள் மேல் கறுப்புப் புள்ளி, அவ்வளவுதானே என்று தோன்றும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் நடுவில் வெளிறிய சின்ன வளையம். தோலின் மடிப்பில் வளையம் நெருங்குகிறது, முழங்கால் மேல் விரிகிறது. விளிம்பில் மயிர் தனித்தனியாக எழுந்து நிற்கிறது. உடலின் வளைவைக் காட்ட நிழல் எதுவும் கிடையாது. பாரசீகச் சிற்றோவியத்தில் ஒளி ஒரு பக்கமிருந்து வருவதில்லை, எல்லா இடத்திலும் சமமாக இருக்கும். எனக்குப் பள்ளி நாளிலிருந்தே ஒரு பக்கம் நிழல் போட்டுப் பழகிய கை. ஒரு முழங்காலுக்கு என்னை அறியாமல் நிழல் போட்டுவிட்டேன். அந்த ஒரு மனிதர் மட்டும் வேறு உலகத்திலிருந்து வந்தவர் மாதிரி தெரிந்தார். அழித்தேன். வளையங்களின் இடைவெளியை மாற்றினேன். முழங்கால் தானாக எழுந்தது.

இங்கே எனக்கு ஒரு விஷயம் பிடித்துப்போனது. கூட்டத்தின் ஓரத்தில், பெயர் தெரியாத, பாதி உடல் மறைந்த ஒருவரின் தோளில் கிடக்கும் தோலுக்கும் அரசரின் தோலுக்கும் சுல்தான் முஹம்மது ஒரே அளவு பொறுமையைக் கொடுத்திருக்கிறார். ஓரத்தில் இருப்பவர்தானே என்று மயிரைக் குறைக்கவில்லை. நான் குறைத்தேன். நேரமாகிவிட்டது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒருவருக்கு விளிம்பு மயிரை விட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தால் கண் நேராக அங்கேதான் போகிறது. முடித்து வைத்தேன்.

1544-இல் தூஸ்த் முஹம்மது என்ற எழுத்தோவியர், இளவரசர் பஹ்ராம் மிர்சாவின் தொகுப்பு ஒன்றுக்கு எழுதிய முன்னுரையில் இந்தச் சிறுத்தைத் தோல் மனிதர்களைக் குறிப்பிடுகிறார். துணிச்சல் மிகுந்த ஓவியர்களின் நெஞ்சும் இதைக் கண்டு புண்பட்டது, அவர்கள் வெட்கித் தலை குனிந்தார்கள் என்கிறார். அதே அரண்மனையில் வேலை பார்த்தவர் சொன்ன பாராட்டு அது. ஒரே ஒரு தோளை முடிக்க மூன்று நாள் எடுத்துக்கொண்ட பிறகு அந்த வரியைத் திரும்பப் படித்தேன். அதில் மிகை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்து முகங்கள் மட்டும் மிச்சம் இருந்தன. முகம் கடைசியில்தான். பாரசீகத்தில் அதற்கு ‘செஹ்ரா-குஷாயி’ என்று பெயர், முகம் திறத்தல் என்று பொருள். நம் ஸ்தபதிகள் சிலைக்குக் கடைசியில் கண் திறப்பதை நினைத்துக்கொண்டேன். ஒரு முகம் கடலைப் பருப்பு அளவு இருக்கும். அதற்குள் புருவம், இரண்டு கண், மூக்கு, வாய், தாடி. மூன்று பூஜ்ய எண் தூரிகையிலும் ஓரத்து மயிர்களை வெட்டி, நடுவில் நாலைந்து மயிர் மட்டும் விட்டேன். காலையில், காபி குடிக்கும் முன், மூச்சை வெளியே விட்டுக்கொண்டே ஒரு கோடு. குடித்த பிறகு கை லேசாக நடுங்குகிறது, உண்மையாகவே வித்தியாசம் தெரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு முகம் என்று வைத்துக்கொண்டேன். அரசவையினர், ஹூஷங், சியாமக் என்ற வரிசையில் போய், அரசரைக் கடைசிக்கு வைத்தேன்.

கயூமர்ஸின் முகம் மகிழ்ச்சியான அரசரின் முகம் இல்லை. காரணம் கதையில் இருக்கிறது. தீய சக்தியான அஹ்ரிமன், கயூமர்ஸின் நல்லாட்சியைப் பொறுக்காமல் தன் மகனான கறுப்பு அரக்கனை ஏவுகிறான். சுரூஷ் என்ற தேவதூதர் வந்து எச்சரிக்கிறார். சியாமக் சிறுத்தைத் தோலை மட்டும் கவசமாகக் கொண்டு அவனோடு மோதி இறந்துபோகிறான். ஓராண்டு துக்கம் காத்த பிறகு பேரன் ஹூஷங், காட்டு விலங்குகளையும் படையில் சேர்த்துக்கொண்டு போய்ப் பழி தீர்க்கிறான். ஓவியத்தில் இருப்பது அதற்கெல்லாம் முந்தைய நேரம். எல்லாம் செழித்திருக்கிறது, சிங்கமும் மானும் ஒன்றாக இருக்கின்றன, மகன் எதிரே உயிரோடு உட்கார்ந்திருக்கிறான். அரசரின் தலை மட்டும் கொஞ்சம் குனிந்திருக்கிறது.

கண்ணின் வெளிக்கோடு, இமை, புருவம் எல்லாம் முதல் நாளே நன்றாக வந்துவிட்டன. கருமணிக்கு ஒரு புள்ளி. வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். ஏதோ சரியில்லை. அரசர் கம்பீரமாகக் கீழே சபையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எந்த அரசவை ஓவியத்திலும் எந்த அரசரும் பார்ப்பது போல. அச்சுப் படத்தை லென்ஸில் வைத்து ஒப்பிட்டேன். என் புள்ளி ஒரு மயிரிழை கீழே, ஒரு மயிரிழை நடுப்பக்கம் போயிருந்தது.

இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை, பேனாக்கத்தியின் நுனியால் புள்ளியை மட்டும் சுரண்டினேன். அகேட் கல்லின் கூர்முனையால் அந்த இடத்தை அழுத்தி வழுவழுப்பாக்கினேன். வெள்ளை வைத்தேன், காயவிட்டேன். பிறகு இமையின் ஓரத்தை ஒட்டி மறுபடி ஒரு புள்ளி.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“பையனைத்தான பார்க்கிறார்?” என்றார்.